கால்கள் ஓய்ந்தபின்: ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் லூயிஸ் ஹாவும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "நோயாலோ விபத்தாலோ நடமாட்டத்தை இழந்துவிட்ட ஒருவருக்கு, மருத்துவரும் குடும்பமும் பணமும் தர முடியாத எதையாவது ஒரு நண்பரால் தர முடியுமா? நெகிழ வைக்கும் கதைகளைத் தவிர இதற்கு உண்மையான சான்று உண்டா?"

உண்டு. நான் அறிந்தவற்றுள் வலுவான சான்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும், லூயிஸ் ஹாவ் என்ற பத்திரிகையாளருக்கும் இடையே இருந்த இருபத்தைந்து ஆண்டுக் கால நட்பு. ரூஸ்வெல்ட் பெரும் செல்வக் குடும்பத்தவர். தேடி வந்த மருத்துவர்களுக்கும் குறைவில்லை, உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த தாய்க்கும் குறைவில்லை. அதனால்தான் இந்தச் சான்று பயனுள்ளது. மற்ற எல்லாம் இருந்தும் போதாமல் போன இடத்தில் நண்பர் என்ன செய்தார் என்பதை இங்கே தனியே பிரித்துப் பார்க்க முடிகிறது.

நோய்க்கு முந்தைய பத்தாண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1871இல் பிறந்த ஹாவ் ரூஸ்வெல்ட்டைவிடப் பதினொரு வயது மூத்தவர். ஐந்தடிக்குச் சற்று மேற்பட்ட உயரம், எலும்பும் தோலுமான உடம்பு, விடாத ஆஸ்துமா, இளமையில் சைக்கிளிலிருந்து சரளையில் விழுந்ததால் முகமெல்லாம் தழும்பு. தொலைபேசியை எடுத்தால் தன்னையே 'இடைக்காலத்துக் குள்ளப் பூதம்' என்று அறிவித்துக்கொள்ளும் குறும்பும் உண்டு. நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியில் செய்தியாளராக இருந்தபோது, 1911இல், மாநில மேலவைக்குப் புதிதாக வந்திருந்த ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே, ரூஸ்வெல்ட் டைபாய்டில் படுத்துவிட, வேட்பாளர் ஒரு நாளும் தெருவில் இறங்காத ஒரு தேர்தலை ஹாவ் தனியாக நின்று நடத்தி வென்று கொடுத்தார். அதே ஆண்டில் எழுதிய கடிதமொன்றில் வேடிக்கைபோல 'வருங்காலக் குடியரசுத் தலைவரே' என்று விளித்தார். பிறகு, ரூஸ்வெல்ட் கடற்படைத் துறையின் துணைச் செயலரானபோது உடன் சென்று அவருடைய அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டார். 1920இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு ரூஸ்வெல்ட் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு ஹாவும் அரசுப் பணியை விட்டுத் தனியார் வேலைக்குப் போகும் நிலையில் இருந்தார்.

1921 ஆகஸ்ட் 10. கனடாவின் கம்போபெல்லோ தீவில் கோடைக்கால வீட்டில் இருந்த ரூஸ்வெல்ட், பிள்ளைகளுடன் பாய்மரப் படகில் போய், வழியில் ஒரு காட்டுத் தீயை அணைத்து, குளிர்ந்த நீரில் நீந்திவிட்டு வீடு திரும்பினார். அன்று மாலை குளிர்நடுக்கம் வந்தது. இரண்டு நாளில் கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. அப்போது அவருக்கு வயது 39. உள்ளூர் மருத்துவர் கடுமையான சளி என்றார். குடும்பத்துடன் விருந்தாளியாக அங்கே வந்திருந்த ஹாவும் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோரும், அக்கம்பக்கத்து ஊர்களில் விடுமுறைக்கு வந்திருக்கும் பெரிய மருத்துவர் யாராவது உண்டா என்று தேடிப் பிடித்தார்கள். வந்தவர் வில்லியம் கீன் என்ற புகழ்பெற்ற முதிய அறுவை மருத்துவர். தண்டுவடத்தில் இரத்தம் உறைந்திருக்கிறது என்றும், கால்களை நன்றாகப் பிடித்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போன அவர், பின்னர் 600 டாலருக்குக் கட்டணச் சீட்டு அனுப்பினார்.

மருத்துவர் சொன்னபடி ஹாவும் எலினோரும் மாறி மாறி அந்தக் கால்களைப் பிடித்துவிட்டார்கள். தொட்டாலே துடிக்கும் வலியில் இருந்தவருக்கு அது சித்திரவதை. பின்னாளில் வந்த மருத்துவக் கருத்துப்படி அந்த நிலையில் செய்யவே கூடாத காரியமும்கூட. இதை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம், நட்பு என்றால் எப்போதும் சரியானதையே செய்வது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஹாவ் தவறான சிகிச்சையைத் தன் கையாலேயே செய்தார். ஆனால் அதோடு நின்றுவிடாமல், நோயின் அறிகுறிகளை ஒன்றுவிடாமல் எழுதி, ரூஸ்வெல்ட்டின் தாய்மாமனுக்கு அனுப்பினார். அந்தக் கடிதத்தைக் கொண்டு பாஸ்டனில் விசாரித்ததன் விளைவாக ராபர்ட் லவெட் என்ற வல்லுநர் ஆகஸ்ட் 25 அன்று தீவுக்கு வந்து, இது இளம்பிள்ளைவாதம் என்று உறுதி செய்து, கால் பிடிப்பதை உடனே நிறுத்தச் சொன்னார். நோயின் பெயரிலேயே பிள்ளை இருக்கும்போது நாற்பதை நெருங்கியவருக்கு அது வந்திருக்கும் என்று எத்தனை பேர் நினைப்பார்கள்? (அது போலியோவே அல்ல, வேறொரு நரம்பு நோய் என்று 2003இல் சில மருத்துவர்கள் வாதிட்டதுண்டு. அந்த விவாதம் நம் கேள்விக்கு வெளியே.)

அந்த நாட்களில் எலினோர் ஹாவிடம், கணவருக்கு இனி அரசியல் வாழ்வு உண்டென்று உண்மையிலேயே நம்புகிறீர்களா என்று கேட்டதாகவும், என்றாவது ஒரு நாள் ஃபிராங்க்ளின் குடியரசுத் தலைவர் ஆவார் என்றே நம்புகிறேன் என்று ஹாவ் சொன்னதாகவும் குடும்பத்தினர் பின்னர் நினைவுகூர்ந்தார்கள். சிறுநீர் கழிக்கவும் பிறர் உதவி வேண்டியிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல் இது. வேறு வேலை தேடும் எண்ணத்தை ஹாவ் அத்தோடு விட்டுவிட்டார்.

செப்டம்பர் 13 அன்று ரூஸ்வெல்ட்டைத் தீவிலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டுபோக வேண்டும். கரையில் செய்தியாளர்கள் காத்திருந்தார்கள். படகு இன்ன துறையில் வரும் என்று ஹாவ் அவர்களை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, ஸ்ட்ரெச்சரில் கிடந்த நண்பரை வேறொரு துறையில் இறக்கி, சாமான் வண்டியில் ஏற்றி, ரயில் பெட்டியின் ஜன்னல் வழியாக உள்ளே படுக்க வைத்தார். செய்தியாளர்கள் ஓடிவந்து பார்த்தபோது, தலையணையில் சாய்ந்து, வாயில் சிகரெட்டுடன் சிரித்த முகம் ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுதும் தொடர்ந்த ஒரு மறைப்பின் முதல் காட்சி அது.

நியூயார்க்கில் மருத்துவமனையிலிருந்து அக்டோபர் இறுதியில் வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான போராட்டம் தொடங்கியது. அது நோயுடன் நடந்ததைவிட வீட்டுக்குள் நடந்ததே அதிகம். தாய் சாராவின் முடிவு தெளிவாக இருந்தது. மகன் பட்டதெல்லாம் போதும், ஹைட் பார்க் பண்ணை வீட்டுக்கு வந்து, தபால்தலை சேர்த்துக்கொண்டும் புத்தகம் படித்துக்கொண்டும் நிம்மதியாக இருக்கட்டும் என்பது. அவருடைய அன்பில் யாரும் குறை காண முடியாது. நம் வீடுகளிலும் இதே அன்பைப் பார்க்கிறோம். படுத்த முதல் மாதம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் மெல்லக் குறைந்து போக, மிஞ்சுகிற தாயோ தந்தையோ, "உனக்கு எதற்கு இந்த அலைச்சல், உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வரும்" என்று சொல்லி, தம்மையறியாமல் அந்த மனிதரை ஓய்வுபெற்றவராக்கி விடுகிறார்கள். சாராவுக்கு எதிர்த்தரப்பில் நின்றவர்கள் எலினோரும் ஹாவும். மருத்துவர் ஜார்ஜ் டிரேப்பரும் சுறுசுறுப்பான வாழ்வே நோயாளிக்கு நல்லது என்று இவர்கள் பக்கம் நின்றார். சாம்பல் சிந்திய கோட்டும் ஓயாத சிகரெட்டுமாக வீட்டுக்குள் வந்து தங்கிவிட்ட ஹாவை சாரா கடைசிவரை சகித்துக்கொள்ளவில்லை.

ஆம், ஹாவ் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். வேளை தவறாமல் அவர் செய்த வேலைகளைப் பார்த்தால் இந்த நட்பின் தன்மை விளங்கும். கடிதங்களுக்குப் பதில் எழுதி, ரூஸ்வெல்ட்டின் கையெழுத்தை அச்சு அசலாக அவரே போடுவார். அந்தக் கலையைக் கடற்படைத் துறையிலேயே பழகியிருந்தார். அதனால் நாடெங்கும் உள்ள கட்சிக்காரர்களுக்கு, ரூஸ்வெல்ட் மும்முரமாக இயங்கிக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் அறுபடவே இல்லை. யார் யார் பேச வர வேண்டும் என்று பார்த்து அழைத்துவந்தார். மனம் சோர்கிற நாட்களுக்கென்று கடற்படை பற்றிய பழைய நூல்களையும் படங்களையும் தேடி வாங்கி வந்தார். இருவரும் சேர்ந்து சிறிய பாய்மரப் படகுகள் செய்து ஆற்றில் மிதக்கவிட்டார்கள். எழுந்து போக முடியாதவரிடம் உலகம் தானே நடந்து வருவதற்கு வழி அமைத்ததே அவர் செய்த உதவி என்று நான் சொல்வேன். கைத்தாங்கலாகப் பிடிப்பதற்குக் கூலிக்கு ஆள் கிடைப்பார். இன்றைய கடிதத்துக்கு நாளைக்குள் பதில் போக வேண்டும் என்று அவசரப்படுகிற ஆள் கூலிக்குக் கிடைக்கமாட்டார்.

இன்னும் நுட்பமான ஒரு வேலையையும் அவர் செய்தார். ரூஸ்வெல்ட் வெளியே போக முடியாத ஆண்டுகளில் அந்தப் பெயர் மக்கள் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டுமானால், எலினோர் மேடையேற வேண்டும் என்று தீர்மானித்தார். கூச்சம் மிகுந்த எலினோருக்கு, பேசும்போது பதற்றத்தில் காரணமில்லாமல் சிரித்துவிடும் வழக்கம் இருந்தது. ஹாவ் கூட்டங்களின் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்து, வீடு திரும்பியதும் எங்கே சிரித்தீர்கள், ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு அதைத் திருத்தினார். சொல்ல ஒன்று இருந்தால் எழுந்து, அதைச் சொல்லிவிட்டு உட்காருங்கள் என்பது அவருடைய பாடத்தின் சாரம். பிற்காலத்தில் உலகம் அறிந்த எலினோர் ரூஸ்வெல்ட் உருவானதில், முடங்கிக் கிடந்த நண்பருக்காக ஹாவ் போட்ட இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாவற்றையும் ஹாவே செய்துவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. குளிப்பாட்டி, உடை மாற்றி, காலிப்பர் (கால்களைத் தாங்கும் எஃகுச் சட்டம்) மாட்டிவிட்டவர்கள் லீராய் ஜோன்ஸ், பின்னர் இர்வின் மெக்டஃபி என்ற கறுப்பினப் பணியாளர்கள். வரலாறு அவர்களை அடிக்குறிப்பில்தான் வைத்திருக்கிறது. ஃபுளோரிடாக் கடலோரத்தில் படகு வீட்டில் கழித்த மாதங்களில் உடன் இருந்தவர் செயலர் மிஸ்ஸி லெஹாண்ட். 1924 அக்டோபரில் முதன்முதலாகச் சென்று, 1926இல் தம் சொத்தின் பெரும்பகுதியைப் போட்டு ரூஸ்வெல்ட் வாங்கிய ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்று, அவரைப் போன்றே இளம்பிள்ளைவாதம் கண்டவர்களின் தோழமையைக் கொடுத்தது. மாற்றுத்திறனாளி ஒருவரின் வாழ்வை ஒரே நட்பு தாங்கிவிடும் என்று நம்பி, மற்ற உதவிகளை ஏற்பாடு செய்யாமல் விடுவது அந்த நட்பையே நசுக்கிவிடும்.

1924 ஜூன் 26 அன்று, நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் நடந்த அவருடைய ஜனநாயகக் கட்சியின் மாநாட்டில், மாநில ஆளுநர் ஆல் ஸ்மித்தின் பெயரைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முன்மொழிய ரூஸ்வெல்ட் மேடைக்கு வந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் மக்கள் முன் நின்ற பெரிய நிகழ்ச்சி அது. பதினாறு வயது மகன் ஜேம்ஸின் தோளைப் பற்றி வந்தவர், கடைசிச் சில அடிகளை ஊன்றுகோல்களின் துணையில் தனியாகக் கடந்து, பேச்சுமேடையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த மறுவருகைக்கு மூன்றாண்டு கடிதங்களால் பாதை போட்டவர் ஹாவ்.

ஆனால் இந்த இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர்கள் அல்லர். 1928இல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சி வற்புறுத்தியபோது, கூடாது என்று ஹாவ் பிடிவாதமாகத் தந்தி அடித்தார். அந்த ஆண்டு எதிரணியான குடியரசுக் கட்சியின் காற்று வீசுகிறது, இன்னும் நான்காண்டு கால்களுக்குச் சிகிச்சை பார்த்துவிட்டு 1932இல் ஆளுநராகி 1936இல் குடியரசுத் தலைவராகலாம் என்பது அவர் போட்ட கணக்கு. ரூஸ்வெல்ட் அதைக் கேட்காமல் ஒப்புக்கொண்டார். ஹாவ் கோபப்பட்டார், புலம்பினார், பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். ரூஸ்வெல்ட் சுமார் 25,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். முழு வாழ்வையும் ஒருவருக்காகக் கொடுத்த நண்பரின் யோசனையை அவர் தள்ளிவிட முடிந்ததே என்பதுதான் இங்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. உதவி பெறுகிறவருக்கு "முடியாது" என்று சொல்லும் உரிமை போய்விட்டால், அந்த உறவுக்கு நட்பு என்ற பெயர் பொருந்தாது.

இதெல்லாம் ஹாவின் சொந்த ஆசைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேடைக்கு ஒவ்வாத முகமும் குரலும் கொண்ட ஒருவர், அரசர்களை உருவாக்கும் வேட்கையை ஓர் அழகிய மனிதரின் வழியாகத் தீர்த்துக்கொண்டார் என்று எழுதியவர்கள் உண்டு. நான் இதை மறுக்கமாட்டேன். இதனால் நட்பு சிறுத்துவிட்டதாகவும் நினைக்கமாட்டேன். தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரின் உதவியை நாள்தோறும் பெறுவது எவ்வளவு பெரிய பாரம் என்பது, அதைப் பெற்றவர்களுக்குத் தெரியும். ஹாவுக்கு ரூஸ்வெல்ட் தேவைப்பட்டார் என்பது ரூஸ்வெல்ட்டுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தேவையே படுக்கையில் கிடந்தவரைக் கடன்பட்டவராக உணரவிடாமல் காத்தது என்று நினைக்கிறேன். போதாதற்கு, இருவரில் யார் நோயாளி என்று சொல்வதே சில நேரம் கடினம். 1932இல் சிகாகோ மாநாட்டின்போது, ஆஸ்துமா முற்றி, விடுதி அறையின் தரையில் இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தபடிதான் ஹாவ் பேரங்களை நடத்தினார். நான்காவது சுற்று வாக்கெடுப்பில் ரூஸ்வெல்ட் வேட்பாளரானார். ஹாவ் வேறோர் ஏற்புரையை எழுதி வைத்திருந்தார். நண்பரின் மனம் நோகக் கூடாதென்று ரூஸ்வெல்ட் அதன் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துத் தம் உரையின் முன்னால் வைத்துப் படித்தார்.

இந்த நட்புக்கு மற்றவர்கள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். ஹாவின் மனைவி கிரேஸும் பிள்ளைகளும் வேறு ஊரில் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வார இறுதிகள்தாம். ரூஸ்வெல்ட் வீட்டில் பதினைந்து வயது மகள் ஆனாவின் நல்ல அறையை ஹாவுக்குக் கொடுத்துவிட்டு அவளை மாடியில் சிறிய அறைக்கு அனுப்பினார்கள். பாட்டி அதைச் சொல்லிக் காட்ட, பெண் மனம் கசந்து போனாள். எலினோருக்குத் தனி அறையே இல்லை. 1922இல் ஒரு நாள் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அழத் தொடங்கி, நிறுத்த முடியாமல் அழுதார்.

1933இல் வெள்ளை மாளிகைக்குச் சென்றபோது ஹாவும் அங்கேயே குடியேறினார். நாட்டுக்கெல்லாம் 'திரு. குடியரசுத் தலைவர்' ஆகிவிட்டவரை அவர் மட்டும் பழையபடி ஃபிராங்க்ளின் என்றே அழைத்தார். மடத்தனம் என்று தோன்றியதை மடத்தனம் என்றே முகத்துக்கு நேரே சொன்னார். 1935இல் நுரையீரலும் இதயமும் தளர்ந்து, பிராணவாயுக் கூடாரத்துக்குள் வைக்கப்பட்டு, பின்னர் வாஷிங்டன் கடற்படை மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட நிலையிலும், அடுத்த தேர்தலுக்கான திட்டங்களைப் படுக்கையிலிருந்தே அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது சக்கர நாற்காலியில் இருப்பவர் வந்து, படுக்கையில் இருப்பவரைப் பார்த்துவிட்டுப் போனார். ஃபிராங்க்ளின் இனித் தன்னந்தனி என்று ஹாவ் இறுதிக் காலத்தில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. 1936 ஏப்ரல் 18 அன்று அவர் இறந்தார். வெள்ளை மாளிகையின் கிழக்குக் கூடத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அடக்கம் செய்யும் இடம்வரை ரூஸ்வெல்ட் சென்றார். அந்த நவம்பரில் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார்.

எனக்கு இந்த நட்பில் உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. அன்று கடலோரத்தில் செய்தியாளர்களைத் திசைதிருப்பியதில் தொடங்கிய மறைப்பு கடைசிவரை நீடித்தது. அவருக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது மக்களுக்குத் தெரியும். எழுந்து நிற்கவே காலிப்பரைப் பூட்டிக்கொண்டு ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. எஞ்சியுள்ள பல்லாயிரம் படங்களில் அவர் சக்கர நாற்காலியில் இருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அந்தக் காலத்து வாக்காளர்களை அறிந்த ஹாவ் வேறு வழி காணவில்லை, ஒருவேளை வேறு வழி இருந்திருக்கவும் முடியாது. ஆயினும், நண்பரின் கனவைக் காப்பதற்காக நண்பரின் உடம்பை மறைக்க நேர்ந்ததும், கால்கள் நன்றாக இருப்பதாக நடிக்கும் சுமை அந்தக் கால்கள்மேலேயே ஏறியதும் உண்மை. ஹாவ் இறந்து ஒன்பதாண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டிலிருந்து திரும்பிய ரூஸ்வெல்ட், 1945 மார்ச் 1 அன்று அமெரிக்கப் பேரவையில் முதன்முறையாக உட்கார்ந்தபடி பேசினார். அதற்காக மன்னிக்க வேண்டும், கால்களின் அடியில் பத்து பவுண்டு எஃகைச் சுமக்காமல் இருப்பது எனக்கு எளிதாக இருக்கிறது என்று சபைக்குச் சொல்லிவிட்டு, கையிலிருந்த உரைக்குத் திரும்பினார். ஆறு வாரங்களில் அவரும் இறந்துபோனார்.